கோலார் தங்கவயல் சயனைடு மேடுகள்: மீண்டும் அள்ளுவதா, மூடி மண்ணைத் தேற்றுவதா?

மாரிக்குப்பம் பேரன் எழுதியது:

கோலார் தங்கவயலில் 13 மேடுகளாகக் குவிந்து கிடக்கும் கழிவு மணலை, அதில் எஞ்சியிருக்கும் தங்கத்துக்காக மறுபடியும் பதப்படுத்த ஏலம் விடலாம் என்ற ஒன்றிய அரசின் முன்மொழிவுக்கு, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. நிலம் 1,003 ஏக்கர் சொச்சம். மணல் 3 கோடியே 30 லட்சம் டன். செய்திகளில் பெரிதும் பேசப்பட்டவை எவ்வளவு தங்கம் கிடைக்கும், எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்பவைதாம். அள்ளி முடித்த பிறகு அந்த நிலம் எந்த நிலையில் விடப்படும், அந்த நிலைக்குக் கொண்டுவரும் செலவை யார், எந்தக் கட்டத்தில், எந்தக் கணக்கில் கட்டி வைப்பார்கள் என்ற பேச்சை நான் அதிகம் காணவில்லை. அதைப் பேசவே இந்த இழை.

ஊரை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்றதிலிருந்து 2001 பிப்ரவரி 28 வரை, ஏறத்தாழ 120 ஆண்டுகளில், இங்கிருந்து சுமார் 800 டன் தங்கம் வெளியே போயிற்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கண்டது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள் நான்கைந்து தலைமுறைகளாக அந்த ஆழத்துக்குள் இறங்கி ஏறின. என் தாத்தாவுக்கு, பாறை சரியாமல் மரம் கொடுத்து நிறுத்தும் வேலை. தங்கம் போன திசை பலருக்குத் தெரியாது. அதைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய மணல் மட்டும் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பார்த்தாலும் தெரிகிறது.

உற்பத்தியை நிறுத்துவதும் சுரங்கத்தை மூடுவதும் வேறு வேறு வேலைகள். நிறுத்துவதற்கு ஓர் ஆணை போதும். மூடுவது பல ஆண்டு வேலை: குழிவாய்களை அடைக்க வேண்டும், உள்ளே ஏறும் நீர் எங்கே வெளிப்படும் என்று கணிக்க வேண்டும், மேடுகளின் சரிவைத் தணித்து மண் போர்த்திப் பயிர் பிடிக்க வைக்க வேண்டும், அங்கு வாழ்ந்தவர்களுக்கு அடுத்த பிழைப்பு என்ன என்று தீர்மானிக்க வேண்டும். தங்கவயலில் 2001இல் நடந்தது நிறுத்தம்தான். மூடல் இன்னும் நடக்கவில்லை என்பதே என் கருத்து.

இந்த மேடுகளை இனித் தொடக்கூடாது, மேலே மண் போர்த்திப் புல்லும் மரமும் வளர்த்து நிலைப்படுத்துவதே சரி என்று நான் நினைக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

பழைய ஆலைக்காரன் எழுதியது:

நாற்பது ஆண்டுகள் தாது பதப்படுத்தும் ஆலைகளில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் அக்கறையை மதிக்கிறேன், முடிவோடு உடன்படவில்லை.

முதலில் அந்த மணல் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தங்கம் ஓடிய வெண்கல் (குவார்ட்ஸ்) பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைக் கரைத்தெடுக்கும் முறை 1887இல் கிளாஸ்கோவில் உருவாயிற்று. பத்து இருபது ஆண்டுகளுக்குள் உலகத் தங்கவயல்கள் பெரும்பாலானவற்றில் அது நுழைந்துவிட்டது. மக்கள் சயனைடு மேடு என்று அழைப்பதால், மேட்டுக்குள் இன்றும் சயனைடு அப்படியே இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். தனித்த சயனைடு வெயிலிலும் காற்றிலும் சிதைந்துபோகக்கூடியது. இரும்பு போன்ற உலோகங்களோடு பிணைந்த சயனைடு மட்டுமே நெடுநாள் தங்கும். என்னைக் கேட்டால், ஊராருக்கு முதல் அபாயம் அந்த மணலின் பொடித்தன்மைதான். அரைத்த வெண்கல் என்பது சிலிக்கா. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய சிலிக்காத் துகள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோய் அப்படி வருவதே. சுரங்கத்துக்குள் துளைபோட்டவர்களுக்கு வந்த அதே நோய்க்கான பொருள், இப்போது ஊருக்கு நடுவே திறந்த வெளியில் கிடக்கிறது.

இனித் தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியிருந்த மேடுகளை 1970களின் இறுதியிலிருந்து பெரிய அளவில் மறுபடியும் பதப்படுத்துகிறார்கள். உயரழுத்த நீரைப் பீய்ச்சி மேட்டைக் குழம்பாக்கி, குழாய் வழியே ஆலைக்கு அனுப்பி, மிஞ்சியதை நகரத்துக்கு வெளியே பிராக்பன் பகுதியில் ஒரே பெரிய தேக்கத்தில் சேர்க்கிறார்கள். உச்சியில் திறந்தவெளித் திரையரங்கு இருந்த ஒரு மேடும் அப்படித்தான் காணாமற் போயிற்று. பல இடங்களில் சிதறிக் கிடந்த ஆபத்து ஓரிடத்துக்குப் போகிறது. நகருக்குள் நிலம் மீள்கிறது. செலவைத் தங்கமே தருகிறது. நம் மணலில் ஒரு டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தங்கம்தான் இருக்கிறது. ஆனாலும் தோண்டவோ அரைக்கவோ தேவையில்லாத மணல் என்பதால் இன்றைய விலையில் கட்டுப்படியாகலாம்.

மண் போர்த்தினால் வரவு இல்லை, செலவு மட்டும் உண்டு. அந்தச் செலவை எந்த அரசு, எத்தனை ஆண்டு தொடர்ந்து செய்யும் என்று நம்புகிறீர்கள்?

சட்டம் பயின்றவள் எழுதியது:

இரண்டு நண்பர்களும் சொல்லாத ஒரு செய்தியை முன்வைக்கிறேன். தங்கவயல் 2001இல் நின்றது. சுரங்கங்களுக்கு மூடல் திட்டம் கட்டாயம் என்ற விதி, கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகளில் 2003இல்தான் சேர்க்கப்பட்டது. இரண்டே ஆண்டு இடைவெளியில், நாட்டின் மிகப் பழைய பெருஞ்சுரங்கங்களுள் ஒன்று அந்த விதியின் கைக்கு எட்டாமல் போயிற்று.

இப்போதைய நிலை என்ன? 2017ஆம் ஆண்டு விதிகளின்படி மூடல் திட்டம் இருவகைப்படும். ஒன்று, சுரங்கம் நடக்கும்போதே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் படிப்படியான மூடல் திட்டம். மற்றது, மூடுவதற்கு இரண்டாண்டு முன்பே ஒப்புதலுக்கு அளிக்கவேண்டிய இறுதி மூடல் திட்டம். இவற்றைச் செய்வார் என்பதற்குப் பிணையாகக் குத்தகைதாரர் நிதி உறுதி அளிக்க வேண்டும். 2003இல் பெரிய சுரங்கங்களுக்கு அது ஹெக்டேருக்கு 25,000 ரூபாயாக இருந்தது; 2017இல் 3 லட்சமாகவும், 2021இல் 5 லட்சமாகவும் உயர்த்தப்பட்டது. இறுதி மூடல் திட்டத்தை உரிய காலத்தில் தராவிட்டால் அந்தப் பிணையைப் பறிமுதல் செய்யவும் 2021 திருத்தம் இடமளிக்கிறது.

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. தங்கவயல் மேடுகளுக்கு இதே அளவுகோலை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,003 ஏக்கர் என்பது ஏறத்தாழ 406 ஹெக்டேர். ஹெக்டேருக்கு 5 லட்சம் என்றால் மொத்தம் 20 கோடியே 30 லட்சம் ரூபாய். இதை 3 கோடியே 30 லட்சம் டன்னால் வகுத்தால், ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 6 ரூபாய் வருகிறது. மணலை ஏற்றி, நகர்த்தி, கசியாத தரையில் கொட்டி, மண் போர்த்தி, செடி வைத்து, பத்தாண்டு பார்த்துக்கொள்ள ஒரு டன்னுக்கு 6 ரூபாய். ஒரு லாரி லோடு மணலை ஊருக்குள் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு மாற்ற என்ன கூலி கேட்பார்கள் என்று விசாரித்தால், இந்தத் தொகை எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

குறை தொகையில் மட்டும் இல்லை, அளக்கும் முறையிலும் இருக்கிறது. விதி பரப்பளவை அளக்கிறது. மேட்டின் உயரத்தையோ, மணலில் உள்ள பொருளின் தன்மையையோ, கீழே ஓடும் நீரையோ, அருகில் குடியிருப்போரின் எண்ணிக்கையையோ அது அளப்பதில்லை. ஒரு ஹெக்டேரில் இரண்டு மீட்டர் உயரம் கொட்டினாலும் முப்பது மீட்டர் உயரம் கொட்டினாலும் பிணை ஒன்றே. ஆகவே அள்ளுவதா மூடுவதா என்று முடிவெடுக்கும் முன், பிணையை மூடலின் உண்மையான செலவு மதிப்பீட்டின்மேல் கட்டவேண்டும் என்று கேட்பதே நம் முதல் கோரிக்கையாக இருக்கவேண்டும்.

மண்வெட்டி எழுதியது:

நான் நெய்வேலிப் பக்கத்துக்காரன்; வேளாண்மை படித்தவன். பழைய ஆலைக்காரர் ஐயா சொல்வதுபோல் மண் போர்த்துவது வெறும் செலவு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அதே சமயம், இழையைத் தொடங்கிய நண்பர் நினைப்பதுபோல் அது எளிதும் அல்ல.

கழிவு மணலில் செடி வளராததற்குக் காரணங்கள் பல. அங்ககக் கரிமம் கிட்டத்தட்ட இல்லை. தழைச்சத்து இல்லை. துகள்கள் ஒரே அளவில் இருப்பதால் மேற்பரப்பு மழையில் கெட்டித்து ஓடாகும், வெயிலில் வெடிக்கும், காற்றில் பறக்கும். கோலாரில் ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை. அதுவும் சில மாதங்களில் பெய்து முடிந்துவிடும். வேர்முடிச்சு நுண்ணுயிரும் இல்லை, மண்புழுவும் இல்லை. அதில் நேரடியாக மரக்கன்று நட்டால் முதல் கோடையில் பாதி போகும். மிஞ்சியது அடுத்த கோடையில் போகும். படம் எடுத்துக்கொள்ள மட்டும் அது உதவும்.

முறை வேறு. முதலில் சரிவைத் தணித்துப் படிக்கட்டுப் படிக்கட்டாக வெட்ட வேண்டும். மழைநீர் சரிவில் நேராக இறங்காமல் ஒவ்வொரு படியிலும் பக்கவாட்டு வாய்க்கால் வழியே போகும்படி செய்ய வேண்டும். அதன்மேல் களிப்பாங்கான மண்ணும், அதற்குமேல் நல்ல மேல்மண்ணும் போட வேண்டும். தொழு எரு, கரும்பாலை அழுக்கு, ஏரி வண்டல் என்று அக்கம்பக்கத்தில் கிடைப்பதைக் கலக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் மரத்தைப் பற்றிப் பேசவே கூடாது. வெட்டிவேர், கொழுக்கட்டைப் புல், அருகு, சணப்பை, கொழிஞ்சி, இவை வேர்விட்டு மண்ணைக் கட்டிய பிறகே வேம்பும் புங்கனும் வேலும் வரவேண்டும். உலோகங்கள் இருக்கக்கூடிய மணலில் காய்கனி, தீவனம் எதுவும் பயிரிட அனுமதிக்கக்கூடாது. ஆடு மாடு மேயாதபடி வேலியும் வேண்டும். 2020 ஜனவரியில் உச்சநீதிமன்றம், சுரங்கம் தோண்டிய நிலத்தில் மீண்டும் புல் வளர்த்துக் கொடுப்பதைக் குத்தகையின் நிபந்தனையாக்க வேண்டும் என்று ஆணையிட்டதே, அதில் புல் என்று குறிப்பிட்டது மிகச் சரியான சொல். நம்மவர்கள் மரக்கன்று எண்ணிக்கையைத்தான் கணக்குக் காட்டுகிறார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மறுசீரமைப்பு ஆலோசகனாகப் போனேன். பெயர் வேண்டாம். தாளில் எல்லாம் முறையாக இருந்தது: மேல்மண் தனியே சேமிக்கப்படும், பிறகு பரப்பப்படும் என்று. மேல்மண் எங்கே என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் ஆண்டிலேயே அதைப் பாதை நிரவப் போட்டுவிட்டிருந்தார்கள்; அதில் நல்ல பகுதி செங்கல் சூளைக்குப் போயிருந்தது. ஓரங்குல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும் என்று கல்லூரியில் படித்தவன் நான். அன்று அந்தக் குழியின் விளிம்பில் நின்றபோது எனக்குச் செய்ய எந்த வேலையும் மிச்சம் இல்லை என்று தெரிந்தது. இருபது ஆண்டுக்குப் பின் செய்யவேண்டிய மறுசீரமைப்பு, முதல் மாதத்தில் ஒரு புல்டோசர் ஓட்டுநர் மண்ணை எந்தப் பக்கம் தள்ளினார் என்பதிலேயே முடிந்துபோயிருந்தது.

தங்கவயலிலோ சேமித்து வைத்த மேல்மண் என்று எதுவும் இல்லை. 406 ஹெக்டேருக்கு முப்பது சென்டிமீட்டர் மண் போர்த்தவே 12 லட்சம் கனமீட்டர் வேண்டும். அதை எந்த ஊர் வயலிலிருந்து வெட்டி வருவது? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் மூடிவிடலாம் என்று என்னால் சொல்ல முடியாது.

மாரிக்குப்பம் பேரன் எழுதியது:

மண்வெட்டி நண்பரே, அந்தப் 12 லட்சம் கனமீட்டர் கணக்கை நான் யோசித்ததே இல்லை. ஊர் ஏரிகளைத் தூர் வாரும் வண்டலைப் பயன்படுத்தலாம் என்று தோன்றுகிறது. எல்லாவற்றுக்கும் அது போதாது.

பழைய ஆலைக்காரர் ஐயாவிடம் ஒரு கேள்வி. பல்லாண்டு அசையாமல் கிடந்ததில் மேட்டின் மேல் ஓர் ஓடு படிந்திருக்கிறது. ஆங்காங்கே முட்செடியும் பிடித்திருக்கிறது. அள்ளத் தொடங்கினால் அந்த ஓடு உடையும். பாதி அள்ளியபோது தங்கத்தின் விலை இறங்கி, ஏலம் எடுத்தவர் விட்டுவிட்டுப் போனால், உடைந்த மேடு ஊர்க்காரர்களுக்குத்தானே மிஞ்சும்?

பழைய ஆலைக்காரன் எழுதியது:

நியாயமான அச்சம், அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். பாதி அள்ளிய மேடு, அள்ளாத மேட்டைவிட மோசமானது. அதனால் ஒரு மேட்டைத் தொட்டால் தரைமட்டம் வரை எடுத்து, அந்தத் தரையைச் சோதித்து, சீர்ப்படுத்தி ஒப்படைத்த பிறகே அடுத்த மேட்டைத் தொட அனுமதிக்கவேண்டும். பதின்மூன்றையும் ஒரே சமயத்தில் திறக்க விடக்கூடாது. லாபமான மணல் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் சுரண்டிவிட்டு ஏழை மணலை விட்டுப்போவது எங்கள் தொழிலில் உள்ள பழைய நோய். மேட்டுக்கு மேடு தனித்தனிப் பிணை என்றால் அது குறையும்.

தண்ணீர் பீய்ச்சி எடுக்கும் முறையில் தூசு எழுவதில்லை. பொக்லைனும் லாரியும் வைத்து எடுத்தால் எழும். முதல் முறைக்கு நீர் ஏராளமாக வேண்டும், கோலாரிலோ நீர் இல்லை. இதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஊற்றுக்கண் எழுதியது:

நிலத்தடி நீரியல் துறையில் பணிபுரிகிறேன். எல்லாரும் தரைக்கு மேலே இருப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள். மூடல் திட்டத்தின் கடினமான பாதி தரைக்குக் கீழே இருக்கிறது.

ஓர் ஆழச் சுரங்கம் இயங்கும்வரை பம்புகள் நீரை இறைத்துக்கொண்டே இருக்கும். பம்பை நிறுத்திய நாளிலிருந்து நீர்மட்டம் ஏறும். காற்றுபட்டுத் துருவேறிய பாறைச் சுவர்களை அந்நீர் கழுவிக்கொண்டு வரும். பிறகு, இருப்பதில் தாழ்வான ஒரு வாய் வழியே ஒருநாள் வெளியே வரும். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வீல் ஜேன் என்ற வெள்ளீயச் சுரங்கத்தை 1991இல் மூடிப் பம்புகளை நிறுத்தினார்கள். 1992 ஜனவரியில் அடைப்பு உடைந்து, உலோகம் கரைந்த அமில நீர் கார்னன் ஆற்றில் பாய்ந்து கழிமுகம்வரை செம்மஞ்சள் நிறமாக்கியது. ஓராண்டுகூட ஆகவில்லை. ஜெர்மனியின் ரூர் பகுதியிலோ, கடைசி நிலக்கரிச் சுரங்கத்தை 2018இல் மூடுவதற்கு முன்பே, 2007இல், ஓர் அறக்கட்டளையை நிறுவி, சுரங்க நீரை இறைக்கும் செலவை அதன் முதலீட்டு வருவாயிலிருந்து எடுக்க ஏற்பாடு செய்தார்கள். அந்த இறைப்புக்கு முடிவே கிடையாது என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கு நிரந்தரக் கடமை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். திட்டமிடுதலில் இந்த நேர்மைதான் முதலில் வேண்டும்.

தங்கவயலின் குழிகள் இப்போது நீரால் நிரம்பிக் கிடக்கின்றன. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் வெட்டியெடுத்த வெற்றிடங்களில் நீர் ஏறும்போது பாறையின் தகைவு, அதாவது அதற்குள் இருக்கும் அழுத்தம், மாறும். உற்பத்திக் காலத்தில், அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறும் பாறை வெடிப்புகளுக்குப் பெயர்போன வயல் இது. உற்பத்தி நின்ற பின்னும் அங்கு நில அதிர்வுகள் உணரப்பட்டிருக்கின்றன. ஆகவே நீர்மட்டத்தையும் அதிர்வையும் சேர்த்துக் கண்காணிப்பது மூடல் திட்டத்தின் பகுதியாக வேண்டும். ஐந்தாண்டுக்கல்ல, பல பத்தாண்டுகளுக்கு.

ஆலைக்காரர் ஐயா நீர் இல்லை என்றார். குழிகளில் நீர் இருக்கிறது. அதன் தரத்தைச் சோதித்து, மணலைக் குழம்பாக்க அதையே சுழற்சி முறையில் பயன்படுத்த முடியுமா என்பது ஆராயத்தக்கது. கண்ணை மூடிக்கொண்டு இறைக்கக்கூடாது. நீரை வேகமாக இறக்கினாலும் பாறை அசையும். மணலைக் குழம்பாக்கிய நீர் கசியும் இடம் எது, மழைக்காலத்தில் வழிந்தால் எந்த ஓடை, எந்த ஏரி என்பதையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். பேத்தமங்கலம் ஏரி இந்த வட்டத்தில்தான் இருக்கிறது. அது பாலாற்றின் ஏரி. அந்த ஆறு வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் போவது என்பதால், இது கோலார் மாவட்டத்தோடு முடிகிற விவகாரம் அல்ல.

பேச்சு வந்ததால் ஒன்றைச் சேர்க்கிறேன். 1965இல் வளிமண்டல நியூட்ரினோவை (எதையும் எளிதில் ஊடுருவிச் செல்லும் மிக நுண்ணிய துகள்) உலகில் முதன்முதலாகப் பதிவு செய்த இடங்களுள் ஒன்று தங்கவயலின் ஆழம். அமெரிக்காவின் தென் டகோட்டாவிலுள்ள ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்திலும் அதே காலத்தில் சூரிய நியூட்ரினோ ஆய்வு நடந்தது. அந்தச் சுரங்கம் 2002இல் மூடப்பட்டது, 2003இல் பம்புகள் நின்றன, நீர் ஏறியது. பிறகு மனம் மாறி, 2008இல் மறுபடியும் இறைக்கத் தொடங்கி, இன்று அதை நிலத்தடி அறிவியல் ஆய்வகமாக நடத்துகிறார்கள். தங்கவயலுக்கு அப்படி ஒரு மறுவாழ்வு அமையவில்லை. சுரங்கத்துக்கு அடுத்த பயன் என்ன என்பதைப் பம்பை நிறுத்துவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் மூடல் திட்டம்.

லைன் வீட்டுப் பெண் எழுதியது:

நீங்கள் எல்லாரும் படித்தவர்கள். உங்கள் கணக்குகளை மதிக்கிறேன். நான் லைன் வீட்டில், அதாவது சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளுள் ஒன்றில், பிறந்து அங்கேயே குடியிருப்பவள்.

விடியற்காலையில் மாரிக்குப்பம் ஸ்டேஷனில் வந்து நின்று பாருங்கள். பெங்களூர் ரயிலுக்கு ஊரே காத்திருக்கும். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதே நேரம். 2001க்குப் பிறகு இந்த ஊரின் பொருளாதாரம் அந்த ரயில்தான். ஆகவே மேட்டை அள்ளினால் வேலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால், எங்கள் பிள்ளைகள் நம்பத்தான் செய்வார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

எனக்கு வேண்டியவை இவைதான். வேலை என்றால் அது எத்தனை ஆண்டு வேலை, அதில் எத்தனை எங்கள் ஊராருக்கு என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். மணல் தீர்ந்த பிறகு நிலத்தைத் தேற்றும் வேலை இருக்கிறதே, நாற்றங்கால், புல் நடவு, வாய்க்கால் பராமரிப்பு, தூசு அளப்பது, அதை எங்கள் பெண்கள் குழுக்களுக்குக் கொடுக்கட்டும். அது பத்திருபது ஆண்டு நிற்கும் வேலை. தூசு அளக்கும் கருவியை எங்கள் பள்ளிக்கூடத்தில் வைத்து, அன்றன்றைய அளவைப் பலகையில் எழுதட்டும். அளவு மீறிய நாளில் வேலை நிற்க வேண்டும். அள்ளுவதற்கு முன்பே ஊரில் எல்லாருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பதிந்து வைக்கட்டும். இல்லாவிட்டால் பின்னாளில் யாருக்காவது சிலிக்கோசிஸ் வந்தால், அது பழைய சுரங்கத்தில் வந்ததா, புதிய வேலையில் வந்ததா என்று வாதாடுவதிலேயே அவர் காலம் முடிந்துவிடும்.

பிறகு வீடு. நாங்கள் குடியிருக்கும் லைன்களின் நிலம் யாருடையது என்பது முழுமையாகத் தீராமல், மேட்டின் நிலம் சீராகிவிட்டது என்று சான்றிதழ் கொடுத்தால், அந்தச் சான்றிதழ் எங்களைப் பொறுத்தவரை பாதிதான்.

சட்டம் பயின்றவள் எழுதியது:

அக்கா, எக்ஸ்ரே பற்றி நீங்கள் சொன்னது நாங்கள் யாரும் யோசிக்காத ஒன்று. தொடக்க நிலைப் பதிவு என்று சுற்றுச்சூழல் அறிக்கைகளில் காற்றுக்கும் நீருக்கும் எடுக்கிறார்கள். மனிதர்களின் நுரையீரலுக்கும் அதே பதிவு வேண்டும் என்பது வலுவான கோரிக்கை.

பாதியில் விட்டுப் போவது பற்றி: கனடாவின் யெல்லோநைஃப் நகரை ஒட்டிய ஜயன்ட் தங்கச் சுரங்கத்தின் உரிமையாளர் நிறுவனம் 1999இல் திவாலாயிற்று. தாதுவை வறுத்ததில் வந்த 2 லட்சத்து 37 ஆயிரம் டன் ஆர்செனிக் டிரையாக்சைடு தூள் சுரங்கத்தின் நிலத்தடி அறைகளில் கிடந்தது. அதைக் காக்கும் பொறுப்பு அரசின் தலையில், அதாவது வரி கட்டும் மக்களின் தலையில் விழுந்தது. நிறுவனம் திவாலானால் மறைந்துவிடலாம். ஆர்செனிக்கிற்கு அந்த வசதி கிடையாது. ஆகவே பிணை என்பது அந்த நிறுவனத்தின் சொந்தக் கணக்கிலோ வாக்குறுதியிலோ இருக்கக்கூடாது.

நிலக்கரி, பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்கு 2009 முதல் நடைமுறையில் உள்ள எஸ்க்ரோ முறை இங்கே பொருந்தும். ஆண்டுதோறும் மூடல் செலவுக்கான தொகையைக் குத்தகைதாரரும் அரசும் சேர்ந்த மூன்றாந்தரப்புக் கணக்கில் கட்ட வேண்டும். செய்து முடித்த வேலையைச் சரிபார்த்த பிறகே அதிலிருந்து விடுவிக்கப்படும். அதுவும் ஹெக்டேர்க் கணக்குத்தான் என்ற குறை இருக்கிறது. தங்கவயலில் ஹெக்டேருக்குப் பதிலாக, விற்கும் ஒவ்வொரு கிராம் தங்கத்திலிருந்தும் ஒரு பங்கு நேராக அந்தக் கணக்குக்குப் போகும்படி ஏல நிபந்தனையிலேயே எழுதலாம். தங்கம் முதலில் வரும், செலவு பின்னால் வரும் என்பதால், முதல் ஆண்டுகளில் பங்கு அதிகமாக இருக்க வேண்டும்.

மண்வெட்டி எழுதியது:

அந்தக் கணக்கை விடுவிப்பதற்கான அளவுகோல் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையாக இருக்கக்கூடாது. மூன்றாவது கோடைக்குப் பின்னும் தரையில் புல் எவ்வளவு பரப்பை மூடியிருக்கிறது, கீழ் ஓடையின் நீரில் ஆர்செனிக் எவ்வளவு, தூசு எவ்வளவு, இந்த மூன்றும் போதும். புதுத் தேக்கத்துக்குக் கீழே களிமண்ணும் கசியாத விரிப்பும் போடுவதைப் படம் எடுத்தல்ல, மக்கள் குழு நேரில் பார்த்து உறுதி செய்யவேண்டும்.

மாரிக்குப்பம் பேரன் எழுதியது:

தொடவே கூடாது என்று எழுதித் தொடங்கினேன். இப்போது அந்த நிலையில் இல்லை. போர்த்த மண்ணில்லை என்ற கணக்கும், சிலிக்காவைத் திறந்த வெளியில் விட்டுவைக்க முடியாது என்ற உண்மையும் என்னை மாற்றின. ஆனால் நிபந்தனைகளை ஏலத்துக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்ற எந்த ஏற்பாட்டையும் ஏற்கமாட்டேன். ஏலம் முடிந்துவிட்டால் கேட்பதற்கு நம் கையில் ஒன்றும் இருக்காது.

உங்கள் இசைவோடு ஒரு மனுவை வரைந்துகொண்டிருக்கிறேன். பிணையைப் பரப்பளவில் அல்லாமல் மூடலின் உண்மைச் செலவில் கணக்கிடுவது, ஒரு மேட்டை முடித்து ஒப்படைத்த பின்பே அடுத்தது, கிராமுக்கு இத்தனை என்று எஸ்க்ரோ, அள்ளும் முன் எல்லாருக்கும் எக்ஸ்ரே, நீர்மட்டமும் அதிர்வும் பல பத்தாண்டுகள் கண்காணிப்பு, தேற்றும் வேலை ஊர்ப் பெண்களுக்கு, லைன் நிலத்தின் உரிமை. கன்னடத்திலும் தமிழிலும் இருக்க வேண்டும். சட்டம் பயின்றவர் அந்த 6 ரூபாய்க் கணக்கை முழு விவரத்தோடு எழுதி அனுப்பினால், அதை முதல் பக்கத்தில் வைக்கிறேன். லைன் வீட்டு அக்கா, உங்கள் தெருவில் கூட்டம் போட எந்த நாள் வசதி? ரயிலுக்குப் போகிறவர்களும் வரவேண்டும் என்பதால் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும் என்று நினைக்கிறேன்.

லைன் வீட்டுப் பெண் எழுதியது:

ஞாயிறு காலை வேண்டாம், தம்பி. கோயிலுக்கும் சர்ச்சுக்கும் போவார்கள். மாலை நான்கு மணிக்கு வையுங்கள். மேட்டைப் பார்த்தபடி இருக்கும் பள்ளிக்கூட மைதானத்தில் இடம் கேட்டு வைக்கிறேன். எக்ஸ்ரே பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொண்டுவாருங்கள். கண்ணாடி இல்லாத வயசானவர்கள் நிறையப் பேர் வருவார்கள்.